குழுவின் தரம்

"சீ!" என்று பார்கவி லேப்டாப்பைத் தள்ளி வைத்தாள். பக்கத்தில் இருந்த சாப்பாட்டுத் தட்டையும் தள்ளி வைத்தாள்.

திரையில் ஒரு போட்டோ. பவனா ஆற்றங்கரையின் கறுப்புச் சேறு, அதில் பாதி புதைந்து உப்பிப்போன செத்த பன்றி, அதன்மேல் அழுக்கு நுரை. கீழே தப்பும் தவறுமான இங்கிலீஷில் ஒரு வரி: 'இது எங்கள் ஆறு. மூச்சை அடக்கிக்கொண்டுதான் இங்கே போட்டோ எடுக்க முடியும்.'

"யாருடி இந்த ஜெனிபர்?"

"என் கிளாஸ்தாம்மா. ஆத்துக்கு அந்தக் கரைல இருக்கற கசார்வாடியிலேர்ந்து வருவா. அவ அப்பா அங்க ஒர்க்‌ஷாப்ல வேலை செய்யறாரு. அவங்களும் தமிழ்தான்" என்றாள் மீனு.

"தமிழா இருந்தா? இதையா கொண்டுவந்து ஸ்கூல் ப்ராஜெக்ட்ல ஒட்டுவாங்க? பாத்தாலே குமட்டுது."

"ஆறு அப்படித்தானே இருக்கு? பாலத்துல போறப்ப நீகூடக் கார் கண்ணாடிய ஏத்துவியே!"

"வாய் பேசாம போய்த் தூங்கு."

மீனு படிக்கும் ஏழாம் வகுப்பில் இந்த வருஷம் புதிதாக ஒரு இணையதளம் கொண்டுவந்திருந்தார்கள். குழந்தைகள் குழுவாகச் சேர்ந்து, அவரவர் வீட்டிலிருந்தே ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தலாம். மீனுவின் குழுவுக்குக் கிடைத்த தலைப்பு, 'நம் ஆறு'.

மீனு முதலில் எழுதிய நாலு வரியைப் படித்ததுமே பார்கவிக்குப் பொறுக்கவில்லை. பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மீனுவின் பெயரில் எழுதியதெல்லாம் அவள்தான். 'கொஞ்சம் எடுத்துக் கொடுக்கிறேன், அவ்வளவுதானே' என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஜெனிபரைத் தவிர, குழுவில் மற்ற மூன்று பேர் எழுதியதைப் படிக்கவே ஆசையாக இருந்தது. தன்வியின் பத்திகளில் ஒரு கமா பிசகாது. ஹரீஷ் மாசு அளவுகளை வண்ண வண்ண வரைபடமாகவே போட்டிருந்தான்.

ஒரு வேலைநாளில், ஆபீஸ் மீட்டிங்கின் நடுவே எட்டிப் பார்த்தபோது, ஓஜஸ் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. எதையோ மும்முரமாகத் திருத்திக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட லேபில் உட்கார்ந்துகூட எழுதுகிறான், என் வீட்டிலும் ஒன்று இருக்கிறதே என்று அவளுக்குப் பெருமூச்சு வந்தது.

இத்தனை அழகுக்கு நடுவில் செத்த பன்றி! பார்கவி அதை அழித்துவிட்டு, இணையத்திலிருந்து சூரிய அஸ்தமனத்தோடு ஒரு ஆற்றின் படத்தை எடுத்து ஒட்டினாள்.

மறுநாள் பார்த்தால், அஸ்தமனத்துக்குக் கீழே ஜெனிபரின் புதுப் படம். குழந்தைகளுக்குக் கட்டிக் கழற்றிய டயப்பர்கள் மூட்டை கிழிந்து மிதந்தன. 'இது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அபார்ட்மெண்ட்களிலிருந்து வருகிறது' என்று எழுதியிருந்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் என்றால் பிம்ப்ளே சௌதாகர். பார்கவியின் வீடு இருக்கும் இடம்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மீனுவின் பெயரில் கமெண்ட் போட்டாள்: 'ஜெனிபரின் பங்களிப்பு நம் குழுவின் தரத்துக்கு ஒத்துவரவில்லை. படங்கள் அருவருப்பாக உள்ளன. அவளை நீக்கிவிடலாம்.'

டீ ஆறுவதற்குள் பதில்கள் வந்துவிட்டன. 'ஆமோதிக்கிறேன்' என்றாள் தன்வி. 'எனக்கும் முழு உடன்பாடு' என்றான் ஹரீஷ். 'அவள் எழுதுவதைப் படிக்கவே சகிக்கவில்லை. இப்படிப்பட்டவர்களை யார் சேர்த்தது?' என்று கேட்ட ஓஜஸ், கையோடு அவளை நீக்கியும்விட்டான்.

"ஜெனிபர் கிளாஸ்ல ரொம்ப அழுதாம்மா. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா" என்று மறுநாள் மீனு வந்து சொன்னாள்.

"எதுக்காவது அழுவா. நீ ஷூவக் கழட்டு."

பெற்றோரை அழைத்து ப்ராஜெக்ட்களைக் காட்டும் நாள் வந்தது. குழுவின் குழந்தைகள் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்; பெற்றோர் பின்வரிசையில். கதவோரம் ஜெனிபர், ஒர்க்‌ஷாப் யூனிபார்மிலேயே வந்திருந்த அப்பாவின் கையைப் பிடித்தபடி நின்றாள்.

பெரிய திரையில் 'நம் ஆறு' பளபளத்தது. கைதட்டல் ஓய்ந்ததும் வகுப்பாசிரியை ஜோசபின், "இதுல ஜெனிபர் பேரு எங்க?" என்று கேட்டாள்.

ஜோசபின் பக்கத்தைக் கீழே நகர்த்தினாள். கமெண்ட்கள் ஒவ்வொன்றாகத் திரைக்கு வந்தன. ஜெனிபரின் அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும் போலிருக்கிறது. உதடுகளை அசைத்து மெதுவாகப் படித்தார். படித்து முடித்ததும் மகளைத் தன் பக்கமாக இழுத்து அணைத்துக்கொண்டார்.

"செத்த பன்றியப் பாத்து எனக்கு அருவருப்பா இல்ல. இதைப் பாத்தா இருக்கு. இந்த வயசுல மனசுக்குள்ள இவ்வளவு சாக்கடையா?" ஜோசபின் முன் பெஞ்சைப் பார்த்தாள். "இதை எழுதின நாலு பேரும் எழுந்து நில்லுங்க."

பார்கவிக்குக் காது சுட்டது. ஒரு நிமிஷம்தானே, மீனு பேசாமல் எழுந்து நின்றுவிட்டால் போதும் என்று சாமியை வேண்டிக்கொண்டாள். அந்த மூன்று பிள்ளைகளும்தானே கூட நிற்கப்போகிறார்கள்!

முன் பெஞ்சில் யாரும் அசையவில்லை. பிறகு தன்வி மெல்லத் திரும்பி, பின்வரிசையில் இருந்த தன் அம்மாவைப் பார்த்தாள். ஹரீஷ் தன் அப்பாவைப் பார்த்தான். ஓஜஸின் அப்பா, அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

மீனுவும் திரும்பினாள்.

"எழுந்திரும்மா, மிஸ் உன்னைத்தான் சொல்றாங்க."