வெள்ளித்தாள் போர்த்திய சோபா

பூனை இன்னொரு தடவை புது சோபாவில் ஏறினால் அதைச் சாயங்காலமே தன் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது மனைவியின் தீர்ப்பு. அதனால் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் சோபா, நாற்காலி, மேசை என்று ஓரிடம் விடாமல் அலுமினியத் தாளை விரித்து வைத்திருக்கிறார். ஜன்னல் வெயில் அதில் பட்டு, கூரையில் ஆயிரம் சூரியன்கள் கூத்தாடுகின்றன. பூனை சோபாவில் ஒரு காலை வைக்கிறது. சரசரவென்ற சத்தத்தில் வானத்துக்கே எகிறி, தரையில் வந்து விழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் வாலை நக்குகிறது. "பாத்தியா, மகாராணி இறங்கிட்டாங்க!" என்று டிரைவர் துள்ளுகிறார். டீயோடு வந்த மனைவி சுற்றிப் பார்க்கிறாள். "அதெல்லாம் சரி, நான் எங்கங்க உக்கார்றது?" வேறு வழியில்லாமல் இருவரும் தரையில் சம்மணம் போடுகிறார்கள். பூனை சோம்பல் முறித்து, நேராக அவள் மடியில் ஏறிச் சுருண்டுகொள்கிறது. அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி கிசுகிசுக்கிறாள்: "அந்த டீயைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. நான் அசைஞ்சா இவ முழிச்சுக்குவா."