ராஜமேரி ஊதிய குமிழ்

"அந்தப் புள்ளயப் புடிச்சுத் தள்ளாதீங்கம்மா! விருப்பம் இல்லன்னா விட்டுடுங்க."

நூர் பாஷா சத்தம் போட்டதும் கூடத்திலிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரோசம்மா அசரவில்லை. ராஜமேரியின் தோளை அழுத்தி, பர்னருக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார வைத்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"விருப்பம் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கட்டும் சார்."

தர்மபுரியில் ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்காக நடத்திய கண்ணாடித் தொழில் பயிற்சி அது. கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி இளக்கி, இழுத்து, வாயால் ஊதி, பள்ளிக்கூட ஆய்வகங்களுக்கான சாமான்கள் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். பெங்களூர்ப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த நூர் பாஷாதான் வாத்தியார். வயது முப்பதுகூட ஆகவில்லை.

மேஜைக்கு இரண்டு பேர். ஒருவர் காலால் துருத்தியை மிதித்துக் காற்றுக் கொடுக்க வேண்டும். மற்றவர் குழாயைத் தீயில் சுற்ற வேண்டும். கடத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் ரோசம்மாவும் ராஜமேரியும் ஒரே மேஜை. ஆனால் இரண்டு வேலையையும் ரோசம்மாவே பார்த்தாள். ராஜமேரி முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நிற்பாள். முந்தானை நழுவும்போது, தாடையிலிருந்து தோள்வரை இறங்கிய தீக்காயத் தழும்பு தெரியும்.

ரோசம்மா தீக்குச்சியை உரசினாள். அவ்வளவுதான். ராஜமேரி ஸ்டூலைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டாள்.

நூர் பாஷாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா, இந்தப் புள்ளைக்கு இந்த வேலைதான் கெடச்சுதா? தையல் கிளாஸ் நடக்குது. அங்க சேத்து விடுங்களேன்."

"தையல் வேணாங்க. வூட்ல இவ இன்னும் அடுப்புப் பக்கம் போறதில்ல. சாமி படத்துக்கு மெழுகுவத்தி ஏத்தக்கூட விடமாட்டேங்குறா. எனக்கு வயசாவுது. நாளைக்கு நான் போயிட்டா இவளுக்கு யாரு சோறாக்கிப் போடுவா?"

"அதுக்குன்னு இப்படியா?"

"இதுதான் கைக்கு அடக்கமான நெருப்பு சார். கால எடுத்தா அடங்கிடுது. இதப் பழகிட்டான்னா மத்தது தானா வரும்."

கல் நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டு நூர் பாஷா வெளியே வந்தார். ராஜமேரி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"கஷ்டமா இருந்தா சொல்லிடும்மா. நான் அவங்ககிட்ட கண்டிப்பாப் பேசிடறேன்."

"அம்மாவ ஒண்ணும் சொல்லிடாதீங்க சார்." அவள் அவசரமாகத் தலையாட்டினாள். பிறகு தழும்பைத் தொட்டுக் காட்டினாள். "இது எங்க வூட்டுக்காரரு பண்ணது. மண்ணெண்ணெய ஊத்திட்டாரு. ஸ்டவ் வெடிச்சுதுன்னு சொல்லுன்னு ஊரே சொல்லுச்சு. போலீஸ்காரங்ககிட்ட நானும் அப்படித்தான் சொன்னேன். அம்மா ஒருத்தங்கதான் கோர்ட்ல கூண்டேறி, கண்ணால பாத்தத அப்படியே சொன்னாங்க. அவரு ஜெயிலுக்குப் போயிட்டாரு. அன்னையிலருந்து சொந்தக்காரங்க ஒருத்தரும் எங்க வாசப்படி மிதிக்கறதில்ல. கோயில்லகூட அம்மா பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க."

நூர் பாஷா திரும்பி, கூடத்துக்குள் இருந்த ரோசம்மாவைப் பார்த்தார்.

உள்ளே "ஸ்ஸ்..." என்று சத்தம் கேட்டது. சிவப்பு போய்விட்டதால் ஆறிவிட்டது என்று நினைத்து, சூடான கண்ணாடிக் குழாயை ரோசம்மா கையில் எடுத்துவிட்டாள். விரல்கள் சுட்டுப் போயின. ராஜமேரி எழுந்து உள்ளே ஓடி, அவள் கையைப் பிடித்துத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தினாள். பர்னர் அணைந்திருந்தது. மேஜையில் தீப்பெட்டி கிடந்தது.

ராஜமேரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க மிதிங்க. நான் பத்த வெக்கறேன்."

முதல் குச்சி ஒடிந்தது. அடுத்ததும் அணைந்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. ரோசம்மா துருத்தியில் கால் வைத்துக் காத்திருந்தாள். ராஜமேரி இன்னொரு குச்சியை உரசி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே நீட்டினாள். குப்பென்று தீ பிடித்தது. ராஜமேரி கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் ஓடவில்லை.

"மெதுவா மிதிங்கம்மா," என்றார் நூர் பாஷா. "கண்ணத் தொற மேரி. குழாயச் சுத்திக்கிட்டே இரு, நிறுத்தாத. மஞ்சளா ஆவுதா? நுனி உருகி மூடிக்கிச்சா? இப்ப வெளிய எடு. ஊது!"

தழும்பு இழுத்ததால் கன்னம் சரியாக உப்பவில்லை. சிறு மூச்சுதான் போயிற்று. அதற்கே குழாயின் நுனி மெல்லப் பருத்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குமிழாயிற்று. ஒரு பக்கம் சாய்ந்த குமிழ். கூடத்திலிருந்த பெண்கள் கைதட்டினார்கள். முந்தானை நழுவி விழுந்ததைக்கூடக் கவனிக்காமல், ராஜமேரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினாள்.

ரோசம்மா துருத்தியிலிருந்து காலை எடுக்காமலே சுட்ட விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நூர் பாஷா அவள் அருகே குனிந்தார். "உங்களத் தப்பா நெனச்சிட்டேன், மன்னிச்சுக்கங்கம்மா. ஊரையே பகைச்சுக்கிட்டு யாரு கூண்டேறுவாங்க? பெத்த வயிறுங்கறதாலதான உங்களால முடிஞ்சுது."

ரோசம்மா ராஜமேரியைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நான் பெத்தது இவள இல்லைங்க சார். ஜெயில்ல இருக்கானே, அவன."