பாலத்துக் காற்று

பதினேழாம் நம்பர் மறுபடியும் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது.

மதியம் மூன்று மணி. ஆபீசில் பாதிப் பேர் சாப்பாட்டு மயக்கத்தில் இருந்தார்கள். என் திரையில் மட்டும் பனிமூட்டம். அதற்குள் ஒரு கயிற்றுப் பாலம். பாலத்தின் நடுவில் கையில் வாளோடு ஒரு வீரன், பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல.

வீடியோ கேம் செய்கிற கம்பெனி எங்களுடையது. விளையாட்டு எவ்வளவு கஷ்டமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. உப்புப் பார்க்கிற மாதிரி. கூடினால் ஆள் எழுந்து போய்விடுவான். குறைந்தால் தூங்கிவிடுவான்.

கடைக்கு வருமுன் சோதித்துப் பார்க்க, ஊழியர் வீடுகளுக்கு ஆளுக்கொரு பெட்டி கொடுத்திருந்தோம். பெட்டிக்கு நம்பர் உண்டு, பெயர் கிடையாது. அவர்கள் ஆட ஆட எங்கள் திரையில் தெரியும்.

ஆட்டத்தில் ஆளுக்கொரு தினுசு. மூன்றாம் நம்பர் கண்ணை மூடிக்கொண்டு ஓடும். ஒன்பது, பாலத்து விளக்குகளையெல்லாம் உடைத்துவிட்டுத்தான் கடக்கும். யார் மேல் கோபமோ. பன்னிரண்டு ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்துக் காலை வைக்கும். கம்பெனி வக்கீல் வீடாக இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பதினேழு நிற்கும். அவ்வளவுதான்.

நாற்பது விநாடியில் கடக்க வேண்டிய பாலம். பதினேழு முதல் வாரம் பதினொரு நிமிஷம் நின்றது. காற்றில் பாலம் ஆடுகிறது, ஆள் பயப்படுகிறான் என்று முடிவு கட்டினேன். காற்றை ஒன்பதிலிருந்து ஆறுக்கு இறக்கினேன். மறுவாரம் இருபது நிமிஷம். மூன்றாக்கினேன். முப்பத்தைந்து.

இப்படியொரு கோழையை என் சர்வீஸில் பார்த்ததில்லை. நேற்று சாயங்காலம் காற்றையே நிறுத்திவிட்டேன். இனி தவழ்ந்துகூடக் கடக்கலாம்.

"இன்னுமா நிக்குது?" டீம் லீடர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "நாலு மணிக்குள்ள சரி பண்ணுங்க சார். இல்லேன்னா பாலத்தையே தூக்கிடலாம்."

அந்த 'சார்' மரியாதைக்கு வந்ததல்ல.

இந்த விளையாட்டில் அரக்கன் வேறு ஒருவர் செய்தது, அரண்மனை வேறு ஒருவர் செய்தது. என் மண்டையில் சொந்தமாக உதித்தது இந்தப் பாலம் ஒன்றுதான். நாலு மாதமாக இதற்காகவே ஆபீசில் கிடக்கிறேன். வீட்டில் உட்கார்ந்தால் வேலை ஓடாது. சத்தம்.

திரையில் பதினேழு அசைந்தது.

வாளை உறையில் போட்டது. இடது பக்கம் இரண்டு எட்டு. வலது பக்கம் இரண்டு எட்டு. மறுபடி இடது. மறுபடி வலது. அக்கரையில் சண்டைக்குக் காத்திருந்த அரக்கன் கொட்டாவி விட்டான். அவனுக்குக் கொட்டாவி வைத்திருக்கிறோம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

நான் எப்போதும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். எண்களுக்கு எதற்குச் சத்தம் என்பது என் கொள்கை. அன்று ஏனோ ஹெட்போனை மாட்டினேன்.

கிரீச். கிரீச்.

பலகைகள். காற்று இருந்தவரை பாலம் தானாக ஆடிப் போட்ட சத்தத்தை, இப்போது பதினேழு நடந்து நடந்து தானே போட்டுக்கொண்டிருந்தது.

கிரீச். கிரீச்.

பனி திரையை விட்டு இறங்கி என் மேசைக்கு வந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் போயின. நாற்காலிக்கு அடியில் தரை லேசாக ஆடியது. யாரோ முதுகில் தட்டிக்கொடுத்தது போலவும் இருந்தது.

நெற்றி கீபோர்டில் இடித்தபோதுதான் தூங்கிவிட்டேன் என்று தெரிந்தது.

மூன்றே முக்கால். பாலத்தில் வீரன் உட்கார்ந்திருந்தான். ஆடுகிறவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டால் அவன் உட்கார்ந்துவிடுவான்.

பொறுத்தது போதும் என்று, பெட்டி கொடுத்த பட்டியலை வாங்கி, பதினேழுக்கு நேரே இருந்த போன் நம்பரை அழுத்தினேன். என்னதான் ஐயா உங்கள் பிரச்சினை என்று கேட்க வேண்டிய தொனியைக்கூடத் தொண்டையில் தயாராக வைத்திருந்தேன்.

கடைசி இரண்டு எண்களை அழுத்துவதற்குள் போனே பெயரைக் காட்டியது.

வீடு. எனக்கும் ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"மெதுவா பேசுங்க." நான் வாயைத் திறக்கும் முன்பே மனைவி கிசுகிசுத்தாள். "இப்பதான் கண் அசந்தா. மூணு வாரமா உங்க பாலத்துச் சத்தத்துலதான் தூங்குறா. அதுல காத்தை நிறுத்தினது எந்தப் புண்ணியவான்? நடக்க வச்சு நடக்க வச்சு என் கட்டைவிரல் போச்சு. அந்த ஆளுக்கு வீட்டுல பிள்ளைகுட்டியே கிடையாதா?"

"இருக்கு" என்றேன். "ஒண்ணு. நாலு மாசம்."

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டேன்.

டீம் லீடர் தூரத்திலிருந்து கடிகாரத்தைக் காட்டினார். பதினேழுக்கு நேரே, நாளுக்கு ஒன்றாக, இருபத்திரண்டு முறை 'கடக்கவில்லை' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் அழித்து 'வெற்றி' என்று போட்டு அனுப்பினேன். அவர் தன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோளைக் குலுக்கிக்கொண்டார். பாலம் பிழைத்தது.

பிறகு காற்றை மறுபடி ஒன்பதாக்கினேன்.

போனுக்குள், என் வீட்டுக் கூடத்தில், பாலம் ஆடத் தொடங்கியது.

"காத்து வந்துடுச்சு" என்றாள்.

அப்புறம், இன்னும் மெதுவாக, "நீங்க எப்ப வருவீங்க?"