மூங்கில் திரைக்குக் கீழே

தடுப்புப் பலகைக்குப் பின்பக்கமாகத் தலையை நீட்டிப் பார்த்த அக்காவுக்குப் பகீரென்றது. பக்கத்து இருக்கையில், செத்துப்போன தம்பியின் மனைவி யாரோ ஒரு கடைக்காரனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அக்கா பின்னாலேயே வந்திருந்தாள். தம்பி போய் இரண்டு வருஷம்தான் ஆகிறது. சனிக்கிழமை மதியமானால் இவள் தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் கிளம்பினால், அவனைத் தூக்கி வளர்த்த அக்காவுக்கு வயிறு எரியாதா?

வந்து பார்த்தால் ஜப்பானிய ராமென் கடை. பெரிய கிண்ணம் நிறைய சூப்பும் நூடுல்ஸும். சாப்பிடுபவரின் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்பது இந்தக் கடையின் வழக்கமாம். பரீட்சை எழுதுவது போல ஆளுக்கொரு இடம், இரண்டு பக்கமும் பலகை, எதிரே மூங்கில் திரை. திரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. அதன் வழியாக இரண்டு கைகள் மட்டும் வந்து கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகும். திருட்டுத்தனத்துக்கென்றே கட்டிய கடை என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள்.

தம்பி மனைவி மேஜையில் இருந்த அழைப்பு மணியை மறுபடியும் அழுத்தினாள். மிச்ச சூப்பில் போட்டுக்கொள்ள நூடுல்ஸ் மட்டும் தனியாகக் கேட்கலாம். முதலில் வந்ததையே இன்னும் பாதி தின்னவில்லை. கை வந்தது, தட்டை வைத்தது. இவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் பேசாமல் இருந்தது.

"என்னடி நடக்குது இங்க?"

தம்பி மனைவி கையை விட்டாள். ஆனால் பதறவில்லை. "வந்துட்டீங்களா அண்ணி. நானே ஒரு நாள் உங்களைக் கூட்டிட்டு வரணும்னுதான் இருந்தேன்."

"வெக்கமா இல்ல?"

"ஆபீஸ்ல எல்லாரும் வந்தாங்கன்னு தற்செயலாத்தான் வந்தேன். அப்புறம் வராம இருக்க முடியல."

அக்கா குரலை உயர்த்தினாள். "கடைசியா ஒரு தடவை என் தம்பி கையைப் பிடிச்சுக்கிறேன்னு உன் கால்ல விழாத குறையா கெஞ்சினேன். கழுத்து வரைக்கும் துணியைப் போத்திட்டு, தொடவே கூடாதுன்னு குறுக்க நின்ன. இங்க எவன் கையையோ புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க."

இரண்டு வருஷமாக இந்தக் கேள்விக்கு மட்டும் அவளிடம் பதில் வந்ததே இல்லை. அந்தத் துணியை அக்கா இன்னும் மன்னிக்கவில்லை.

அப்போது அக்காவின் திரைக்குக் கீழே அவள் கேட்ட கிண்ணம் வந்தது. குழந்தை தளும்பத் தளும்பப் பால் எடுத்து வருவது போல அந்தக் கைகள் அதை மெதுவாக நகர்த்தி வைத்தன. ஆவி கொஞ்சம் விலகியது. வலது மோதிர விரலின் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது.

அக்காவின் கரண்டி கீழே விழுந்தது. தனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஏதோ சண்டையில் அக்காதான் கதவை அறைந்து சாத்தினாள். நடுவில் தம்பியின் விரல் இருந்தது. அன்றிலிருந்து அந்த நகம் அப்படித்தான் வளர்ந்தது. அந்தக் கையைப் பிடித்துத்தான் தினமும் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனாள்.

அவன் குழியில் முதல் பிடி மண்ணைப் போட்டவளும் அக்காதான். கடைச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. அவள் கை தானாக நீண்டு அந்தக் கையைப் பற்றியது.

சூடாக இருந்தது. விலகவில்லை.

"டேய், உள்ள நீயாடா இருக்க? எங்களை இப்படி அழ விட்டுட்டு இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டியா?"

இன்னொரு கையால் மூங்கில் திரையைத் தூக்கினாள். உள்ளே இருந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மூக்கு, கண், நெற்றி எதுவும் தம்பியுடையது இல்லை. அவளைப் பார்த்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா இன்னும் அந்தக் கையை விடவில்லை.

"யாருப்பா நீ? இது என் தம்பி கை."

"ஆமாங்க" என்றான் அவன்.

தம்பி மனைவி நடுவில் இருந்த பலகையை மடக்கிவிட்டு அக்காவின் முதுகில் கை வைத்தாள்.

"அன்னிக்குத் துணிக்குள்ள கை இல்ல அண்ணி, தானம் குடுத்துட்டேன்."