அசையாத தீனி

பண்ணையின் தகரக் கூரை ஓட்டை வழியே காலை வெயில் கண்ணாடித் தொட்டியின் அடிவரை இறங்குகிறது. சுண்டுவிரல் நகமளவு ஆக்டோபஸ் குஞ்சுகள் வெளிறிப்போய்க் கிடக்கின்றன. மேலாளர் கொடுத்த உருண்டைத் தீனியைத் தூவுகிறாள் தீனி போடும் பெண். அசையாத அதை ஒரு குஞ்சும் சீண்டவில்லை. "பசிச்சா தானா தின்னும். உயிர்த்தீனி இனிமே கிடையாது," என்கிறார் மேலாளர், கண்ணாடியில் விரலை ஊன்றியபடி. "பசிச்சா பக்கத்துல இருக்கறதத்தான் சார் தின்னும். அந்தச் சிப்பிக்கு அடியில பாருங்க. நேத்து எட்டுக் கை இருந்துச்சு, இன்னிக்கு அஞ்சுதான்." அவர் பார்க்கவில்லை. அவள் வாளிக்குப் பின்னாலிருந்து குவளையை எடுக்கிறாள். அதில் பொடி நண்டுகள் துள்ளுகின்றன. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு நண்டுகூட மிச்சமில்லாமல் தொட்டியில் கவிழ்க்கிறாள். தண்ணீருக்கு உயிர் வருகிறது. குஞ்சுகள் குப்பென்று சிவந்து பாய்கின்றன. அஞ்சு கைக் குஞ்சு நண்டை அணைத்தபடியே தண்ணீரைப் பீய்ச்சி, வழியில் கிடந்த உருண்டையைத் தள்ளிவிடுகிறது; அது உருண்டு வந்து மேலாளரின் விரலுக்கு நேரே கண்ணாடியில் முட்டி நிற்கிறது. "நாளைலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்." "வருவேன் சார்," என்கிறாள், காலிக் குவளையைக் கழுவிக்கொண்டே. "நாளைக்கும் இதுங்களுக்குப் பசிக்கும்."