முகத்துக்கு நேராக

"வக்கீலுங்களுக்குக் கணக்குன்னாலே வேப்பங்காய். உங்களை எந்த நம்பிக்கையில வேலைக்கு எடுக்கறது?"

உட்கார்ந்து மூச்சு விடக்கூட இல்லை, மேடம் ஆரம்பித்துவிட்டார்.

வக்கீலுக்குச் சுரீரென்றது. முதலீட்டு வங்கியின் நேர்முகத் தேர்வு அது. கண்ணாடி அறை. எதிரே கடுகடுவென்று அந்த மேடம், பக்கத்தில் சிரித்த முகமாய் ஒரு சார், மூலையில் எச்.ஆர். பெண்.

கம்பெனிகளை வாங்கவும் விற்கவும் வருஷக்கணக்காக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவள் அவள். ஆனால் விலை பேசும்போது அவளை யாரும் கூப்பிட்டதில்லை. வங்கிக்காரர்கள் பேசி முடித்த பிறகு, எழுதத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாளாவது பேசுகிற இடத்தில் உட்காரணும் என்றுதான், இந்த வயசில் நிதிப் படிப்பு படித்துவிட்டு வங்கி வங்கியாக ஏறி இறங்கினாள். போன இடத்திலெல்லாம் காபி கொடுத்தார்கள், இனிக்க இனிக்கப் பேசினார்கள், "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. மிச்சம் இருந்தது இந்த ஒரு இடம்தான்.

கோபத்தை விழுங்கிக்கொண்டு சொன்னாள்: "ஒரு கம்பெனி விலைக்கு வருதுன்னு வைங்க மேடம். அது மேல ஒரு வழக்கு இருக்கு. உங்க ஆளுங்க அதைக் கீழே ஒரு குறிப்பா எழுதிட்டு விட்டுடுவாங்க. தோத்தா எவ்வளவு போகும், தோக்க எவ்வளவு வாய்ப்புன்னு பாத்து நான் விலையிலயே கழிப்பேன். போட்டுக் காட்டட்டுமா?"

"காட்டுங்க."

எழுந்து போய்ப் பலகையில் போட்டாள். கணக்கு சரியாகத்தான் வந்தது. அந்தம்மா ஒரு 'பரவாயில்ல' சொல்லணுமே? ஊஹூம்.

"வக்கீலுங்க எதுக்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுவீங்க. இங்கயும் அதானே நடக்கும்?"

"அப்படிப் போட்டிருந்தா என் கட்சிக்காரங்க திரும்பி வந்திருக்க மாட்டாங்க மேடம். இந்த வழி கூடாதுன்னா, எந்த வழி கூடும்னும் சொல்லித்தான் அனுப்புவேன்."

"உங்களைவிடச் சின்னப் பசங்க உங்களை வேலை வாங்குவாங்க. வக்கீலம்மா கௌரவம் தாங்குமா?"

"தொழில் கத்துக்கற வரைக்கும் கௌரவம் வீட்டுலயே இருக்கட்டும்."

"அட, விடுங்க மேடம், பாவம்" என்று சார் தண்ணீர் கிளாஸை இவள் பக்கம் நகர்த்தினார். "குடிங்கம்மா. டென்ஷன் ஆகாதீங்க."

மனுஷன்னா இவர் மனுஷன்! அவள் ஒரு வாய் குடிப்பதற்குள் அடுத்தது வந்து விழுந்தது.

"வீட்டுல குழந்தை இருக்கு. டீல் முடியற அன்னிக்குக் காய்ச்சல்னு போன் வந்தா, போட்டது போட்டபடி ஓடிடுவீங்களா?"

இதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. "இதை ஆம்பளைங்ககிட்ட கேப்பீங்களா மேடம்?"

"கேக்க மாட்டோம். பதில் சொல்லுங்க."

எச்.ஆர். பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒப்பந்தம் கையெழுத்தாகற அன்னிக்கும் காய்ச்சல் வந்திருக்கு" என்றாள் வக்கீல். "பிள்ளைக்கு அப்பான்னு ஒருத்தர் இருக்கார். அவர் பாத்துக்கிட்டார். ஒரு கையெழுத்தும் தள்ளிப் போகல. போதுமா?"

"போதும். போகலாம்."

வீட்டுக்கு வந்து கைப்பையைச் சோபாவில் விசிறியடித்தாள். "அவளும் ஒரு பொம்பளைதானே? கொஞ்சமாவது ஈவு இரக்கம் வேண்டாம்? நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கறா!"

"வக்கீலையே குறுக்கு விசாரணை பண்ணிட்டாங்களா? பலே ஆளுதான்" என்றார் வீட்டுக்காரர்.

"விளையாடாதீங்க. எனக்கு வயிறு எரியுது."

"சரி, அந்த சார் எப்படி?"

"அவர் தங்கம்."

ஆச்சரியம், வேலை கிடைத்துவிட்டது. எல்லாம் அந்தத் தங்கத்தின் தயவு என்று நினைத்துக்கொண்டாள். அவரிடம்தான் வேலை என்ற நினைப்பிலேயே முதல் நாள் போனாள். "நீங்க மேடம் டீம்" என்றார்கள்.

நேராக எச்.ஆர். பெண்ணிடம் போய் நின்றாள்.

"என்னைச் சார் டீமுக்கு மாத்திடுங்க. கெஞ்சிக் கேக்கறேன். அன்னிக்கு நீங்களும்தானே இருந்தீங்க? அந்தம்மா என்னை என்ன பாடு படுத்தினாங்கன்னு பாத்தீங்கல்ல? அவங்க மூஞ்சியில முழிக்கவே எனக்குப் பிடிக்கல."

எச்.ஆர். பெண் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான் இதைச் சொல்லக் கூடாது. ஆனா சொல்லாம இருக்க முடியல. அந்தக் கேள்வி ஒண்ணுகூட மேடத்தோடது இல்லைங்க."

"பின்னே?"

"எல்லாம் சார் சொன்னது. நீங்க வெளியில காத்துக்கிட்டிருந்தப்ப, கணக்கு வராது, முட்டுக்கட்டை போடுவாங்க, கௌரவம் பாப்பாங்க, குழந்தை வேற இருக்குன்னு அடுக்கிட்டு, 'சும்மா நாலு வார்த்தை நல்லாப் பேசி அனுப்பிடலாம்'னார். 'அவங்களையே கேட்டுடுங்களேன், பதில் சொல்லட்டும்'னாங்க மேடம். 'சேச்சே, முகத்துக்கு நேரா இதையெல்லாம் எப்படிங்க கேக்கறது, மனசு கஷ்டப்படுமே'ன்னு சார் சிரிச்சார். 'அப்ப நான் கேக்கறேன்'னாங்க மேடம்."