வளராத கால்

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சூசை, வளரும் மகள் பெனிட்டாவின் செயற்கைக் காலை வருஷா வருஷம் நீளம் கூட்டி முப்பரிமாண அச்சு மையத்தில் அச்சிட்டு வாங்குவார். இந்த முறை வந்த கால் பழைய நீளத்திலேயே இருந்தது.

"காலோட டிசைன் பைலைப் புது சாப்ட்வேருக்கு மாத்தினோம் அண்ணாச்சி. உருவம் வந்திருச்சு, நீளத்தைக் கூட்டுற கணக்கு வரல. இனி திருத்த முடியாது. புதுசா வரைய மனுப் போட்டா மூணு வருஷம் ஆகும்" என்றான் அச்சு மையத்து ஊழியன்.

"அதுவரைக்கும் எம்மவ வளராம இருக்கணுமாக்கும்?"

"நொண்டியடிச்சே ஸ்கூலுக்குப் போயிருவேம்ப்பா" என்று சிரித்தாள் பெனிட்டா. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் லாரி டயரை அறுத்து, அந்தக் காலின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு ஒட்டினார். பெனிட்டா நேராக நின்றாள். சூசை கத்தியைக் கீழே வைக்காமல், அடுத்த வருஷத்துக்கும் அதற்கடுத்த வருஷத்துக்கும் துண்டு அறுக்க உட்கார்ந்தார்.